மிதிக்கத் தெரிந்த கால்

காஞ்சி என்றதும் வெளியூரார் நினைவுக்கு வருவன கோயிலும் பட்டும். எங்களுக்கோ காஞ்சி என்றால் ஓர் ஓசை. விடியற்காலையில் பால்காரர் மணியடிப்பதற்கு முன்பே பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் எழும் 'சடக், சடக்' என்னும் தறியோசை. அந்த ஓசையிலேதான் நாங்கள் கண் விழித்தோம். அதைக் கேட்டுக் கொண்டேதான் வாய்பாடு படித்தோம். எங்கள் வீட்டில் அந்த ஓசை ஏழு மாதம் நின்று போயிற்று. அது ஏன் நின்றது, மறுபடியும் எவ்வாறு எழுந்தது, இடையில் நாங்கள் கற்றுக் கொண்டது என்ன என்பதே இக்கட்டுரை.

'நாங்கள்' என்றால் யார் என்று தோழியர் கேட்கலாம். அக்காள் தங்கை இருவர். எங்களில் மூத்தவள் பத்தாம் வகுப்பு. இளையவள் எட்டாம் வகுப்பு. இருவரும் இப்பள்ளியின் மாணவியரே. பேனா பிடிப்பவள் மூத்தவள்; ஆனால் கதை இருவருக்கும் உரியது. ஆகவே 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

எங்கள் அப்பா குழித்தறி நெசவாளர். தறியின் முன்னே தரையில் ஒரு குழி இருக்கும். அதன் விளிம்பில் போட்ட பலகையில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டுக் கொண்டு நெய்வார். குழிக்குள் இரண்டு மிதிகள் உண்டு. வலது மிதியை அழுத்தினால் பாவு நூல்களில் ஒரு பாதி மேலேறும். மறு பாதி கீழிறங்கும். நடுவில் திறக்கும் வழியில் நாடா ஓடும். அடுத்து இடது மிதி. இப்படி மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். கரையையும் உடலையும் தனித்தனி நிறத்தில் இணைக்கும் கோர்வைச் சேலை என்றால் பக்கத்தில் இன்னோர் ஆளும் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் அம்மா. சேலையைப் பார்ப்பவர்கள் 'என்ன கைவேலை!' என்று வியப்பார்கள். அதில் பாதி கால் வேலை என்பது நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும்.

சென்ற ஆண்டு புரட்டாசியில் அப்பாவின் வலது உள்ளங்காலில் ஒரு சிறு புண் உண்டாயிற்று. குழிக்குள் ஏதோ ஆணியோ சிராயோ கிழித்திருக்கிறது. அப்பாவுக்கு அது தெரியவேயில்லை. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. அந்நோய் நெடுநாள் இருந்தால் பாதத்து நரம்புகள் உணர்ச்சி இழந்துவிடும். காயம் பட்டாலும் வலிக்காது. வலி என்பது கடவுள் நமக்குத் தந்த காவல்காரன் என்று பின்னர் ஒரு மருத்துவர் சொன்னார். எங்கள் அப்பாவின் காவல்காரன் எப்போதோ உறங்கிவிட்டான். தீபாவளி நெருங்கும் காலம், கைநிறைய வேலை. புண்ணை யாரும் பார்க்கவில்லை. நாங்களும் பார்க்கவில்லை. வீக்கம் ஏறிக் காய்ச்சல் வந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்றோம். ஐப்பசியில் அப்பாவின் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

தறியில் பாதி நெய்த சேலை அப்படியே நின்றது. ஒரு கல்யாணத்துக்குச் சொல்லி வைத்த அரக்கு நிறச் சேலை அது. சித்தப்பா வந்து இரவும் பகலுமாக இருந்து அதை முடித்துக் கொடுத்தார். பாவில் மீதியிருந்த சேலைகளை முடிக்க ஆளில்லை. தறியின் மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்தி வைத்தோம். வீட்டில் பெரும் அமைதி. அந்த அமைதியில் எங்களுக்குப் பாடம் மனத்தில் ஏறவேயில்லை.

மாசி மாதம் அப்பாவுக்குச் செயற்கைக் கால் கிடைத்தது. முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் கதவுக்கு இருப்பது போல ஒரு கீல். நிற்கும்போது அதைப் பூட்டிக் கொள்ள வேண்டும், உட்காரும்போது திறந்துவிட வேண்டும். அப்பா பிடிவாதக்காரர். பத்தே நாளில் தெருமுனை வரை நடந்தார். ஒரு மாதத்தில் கச்சபேசுவரர் கோயில் வரை போய் வந்தார். எங்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அன்று மாலையே அம்மா தறியின் மேலிருந்த வேட்டியை எடுத்து உதறினார்.

அப்பா மெல்லக் குழியில் இறங்கி அமர்ந்தார். புதுக்காலை வலது மிதியின் மேல் வைத்தார். மிதி இறங்கவில்லை. தொடையை அழுத்திப் பார்த்தார். இடுப்பைச் சாய்த்துப் பார்த்தார். கால் வழுக்கிக் கொண்டு போயிற்றே தவிர மிதி இறங்கவில்லை. வெகுநேரம் கழித்து அப்பா சொன்னார்: "கால் போனா போவுது, ஒரு கட்டை இருந்தா மிதிச்சுக்கலாம்னு நெனச்சேன் கண்ணு. கட்டைக்கு நிக்கத் தெரியுது. மிதிக்கத் தெரியலையே."

அன்றிரவு அம்மா மெதுவாக அப்பாவிடம் பேசியது எங்கள் காதில் விழுந்தது. "பெரியவ ஒன்பதாவது முடிச்சதும் நிக்கட்டும். ஒங்க தம்பிகிட்ட தறி கத்துக்கட்டும். சின்னவளாவது படிக்கட்டும்." அப்பா பதில் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் ஒரே போர்வைக்குள் விழித்துக் கொண்டு கிடந்தோம். அம்மாவின் மேல் எங்களுக்குக் கோபம் வரவில்லை. அரிசிப் பானையைப் பார்த்தவர்களுக்கு எப்படிக் கோபம் வரும்?

மறுநாள் அறிவியல் ஆசிரியை சிஸ்டரிடம் இதைச் சொல்லவில்லை; வேறொன்றைக் கேட்டோம். "சிஸ்டர், செயற்கைக் கால் ஏன் மிதிக்காது?"

சிஸ்டர் எங்களை நாற்காலியில் அமர்த்தி, தொடையின் மேல் கையை வைத்துக் கொண்டு காலை நீட்டச் சொன்னார். தொடையின் முன்புறத் தசை கல்லைப் போல் இறுகியது. "முழங்காலை நீட்டித் தள்ளும் பலம் இங்கிருந்து வருகிறது. நடக்கும்போது உடம்பின் எடையும் வீச்சும் காலுக்கு உதவி செய்யும். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவதற்கும், படியேறுவதற்கும், உங்கள் தறியை மிதிப்பதற்கும் முழங்காலே உழைக்க வேண்டும். கீலுக்குத் தசை ஏது அம்மா?" என்றார். பிறகு, "தசைக்குப் பதிலாக மோட்டார் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தேடிப் படியுங்கள்" என்று நூலகச் சாவியைத் தந்தார். கோடை விடுமுறை தொடங்கும்வரை, மாலை வேளைகளில் நூலகத்துப் பழைய இதழ்களிலும் பள்ளிக் கணினியிலும் நாங்கள் தேடிய தேட்டத்தில் கிடைத்த முத்துக்களை இங்கே கோத்துத் தருகிறோம்.

முதல் முத்து ஜெய்ப்பூர்க் கால். 1968-ஆம் ஆண்டு வாக்கில் ஜெய்ப்பூரில் டாக்டர் பிரமோத் கரண் சேத்தி என்னும் அறுவை மருத்துவரும், ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். அதற்கு முன் இங்கே கிடைத்த செயற்கைக் கால்கள் மேல்நாட்டாருக்காகச் செய்தவை. பூட்சு போட்டு நாற்காலியில் அமர்வோருக்கு அவை பொருந்தும். நம்மவரோ வெறுங்காலோடு வயலில் இறங்குவோர், தரையில் குந்துவோர், சம்மணமிடுவோர். அவர்களுக்காக ரப்பரால், வளைந்து கொடுக்கும் பாதம் ஒன்றை இவ்விருவரும் அமைத்தனர். ஒருவர் மருத்துவம் கற்றவர்; மற்றவர் கைத்தொழில் கற்றவர். இருவரும் சேர்ந்ததால்தான் அந்தக் கால் பிறந்தது. டாக்டர் சேத்திக்கு 1981-இல் மகசேசே விருது கிடைத்தது.

அதே 1981-இல் திருச்சிக்கு அருகே ஒரு பேருந்து விபத்து நிகழ்ந்தது. அதில் அடிபட்டவர்களுள் ஒருவர் சுதா சந்திரன். எங்கள் வயதை ஒட்டிய நாட்டியப் பெண். அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க நேர்ந்தது. ஜெய்ப்பூர்க் கால் பொருத்திக் கொண்டு, மீண்டும் அடவு பழகி, 1984-இல் மேடையேறினார். அவர் கதையே 'மயூரி' என்று திரைப்படமாக வந்து, அதில் அவரே நடித்தார். அந்தக் காலில் மோட்டாரும் இல்லை, மின்கலமும் இல்லை. காலைச் செய்தவர்களின் அறிவும், அணிந்தவரின் உறுதியுமே அதை ஆட வைத்தன.

அடுத்த முத்து நம் இராமேசுவரத்தில் பிறந்து, திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்ற அப்துல் கலாம் அவர்கள். ஐதராபாத்தில் ஏவுகணை ஆராய்ச்சியில் இருந்தபோது, நிசாம் மருத்துவ நிலையத்து எலும்பு மருத்துவர் ஒருவர் அவரைத் தம் நோயாளிகளிடம் அழைத்துச் சென்றாராம். போலியோவால் கால் சோர்ந்த குழந்தைகள், ஏறக்குறைய 3 கிலோ எடையுள்ள உலோகத் தாங்கிகளை இழுத்துக் கொண்டு நடந்தார்கள். அக்கினி ஏவுகணைக்குப் பயன்பட்ட கார்பன் இழைப் பொருளைக் கொண்டு, அதே தாங்கியை 300 கிராம் எடையில் செய்து கொடுத்தனர் கலாமின் குழுவினர். குழந்தைகள் ஓடித் திரிந்ததைக் கண்ட இன்பத்தைக் கலாம் வாழ்நாளெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். என்னே விந்தை! வானில் பாய்வதற்கென்று பிறந்த பொருள் ஒரு குழந்தையின் காலில் வந்து அமர்ந்தது.

இனி மோட்டார் வைத்த காலுக்கு வருவோம். அமெரிக்காவில் ஹியூ ஹெர் என்னும் மலையேறும் இளைஞர் 1982-இல் வாஷிங்டன் மலையில் பனிப்புயலில் சிக்கினார். அப்போது அவருக்கு வயது 17. பனியில் உறைந்த இரு கால்களையும் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் மனம் உடையவில்லை. பாறை இடுக்கில் நுழைவதற்கென்றே கூரிய கால்களைத் தாமே செய்து கொண்டு மறுபடியும் மலையேறினார். பின்னர் படித்துப் பேராசிரியராகி, எம்.ஐ.டி. என்னும் புகழ்பெற்ற நிலையத்தில் மோட்டார் பொருத்திய கணுக்காலைப் படைத்தார். அதில் உணர்விகள் உண்டு. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது, எவ்வளவு பாரம் விழுகிறது என்று அவை நொடிக்குப் பல முறை அளக்கும். உள்ளே இருக்கும் சிறு கணினி கணக்கிடும். உடனே மோட்டார், நம் கெண்டைக்கால் தசை செய்வது போலவே, உடம்பை முன்னே உந்தித் தள்ளும். 2013-இல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தபோது ஏட்ரியன் ஹாஸ்லெட் என்ற நடனப் பெண் இடக்காலை இழந்தார். ஹெர் குழுவினர் நடனமாடுவோரின் அசைவுகளை அளந்து படித்து, 200 நாள் உழைத்து, ஆடத் தெரிந்த ஒரு காலை அவருக்கென்றே அமைத்தார்கள். 2014-இல் அவர் மேடையில் ஆடினார்.

இழந்த உறுப்புக்குப் பதிலாக இல்லாமல், இருக்கும் உறுப்பின் மேலேயே அணிந்து கொள்ளும் இயந்திரங்களும் உண்டு. சோர்ந்த காலையோ கையையோ அவை தாங்கித் தூக்கி அசைக்கும். நமக்கு அடுத்த ஊரான வேலூரில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 'புளூட்டோ' என்னும் சிறு ரோபோவை உருவாக்கியிருக்கின்றன. பக்கவாதத்தால் சோர்ந்த கைக்கு மீண்டும் மீண்டும் பயிற்சி தரும் கருவி அது. 'அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' என்பதை அது நன்றாக அறிந்திருக்கிறது!

எங்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்தவர் ஒரு பெண். சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரவியல் பேராசிரியை சுஜாதா சீனிவாசன். அதே ஐ.ஐ.டி.யில் இயந்திரவியல் படித்து, அமெரிக்காவில் டொலீடோ பல்கலைக்கழகத்திலும் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்திலும் மேற்படிப்பு முடித்தவர். அங்கே செயற்கை உறுப்புச் செய்யும் நிறுவனத்தில் பணியும் புரிந்திருக்கிறார். அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் 2008-இல் தாம் படித்த இடத்துக்கே ஆசிரியையாகத் திரும்பினார். மாற்றுத் திறனாளிகளுக்கான கருவிகளை உருவாக்கும் டி.டி.கே. ஆராய்ச்சி மையத்தை அங்கே வளர்த்தார். அம்மையத்திலிருந்து 2019-இல் 'அரைஸ்' வந்தது. அமர்ந்தவரை நிமிர்த்தி நிற்க வைக்கும் சக்கர நாற்காலி. நாள் முழுதும் உட்கார்ந்தே இருந்தால் புண் வரும், இரத்த ஓட்டம் குறையும் என்பதால் நிற்பதும் ஒரு மருந்தாம். 2021-இல் 'நியோபோல்ட்', சக்கர நாற்காலியோடு இணைத்தால் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை செல்லும் மோட்டார் வண்டி. 2022-இல் 'கதம்' என்னும் செயற்கை முழங்கால். அடியெடுத்து வைப்பதை இந்தியில் அப்படிச் சொல்வார்களாம்.

'கதம்' பற்றிப் படித்தபோது நாங்கள் அப்பாவின் காலை எடுத்து வைத்துக் கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தோம். அப்பாவுடையது ஒற்றைக் கீல். நம் உண்மையான முழங்காலோ கதவுக் கீல் போல ஒரே புள்ளியில் சுழல்வதில்லை. மடங்க மடங்க அதன் சுழலும் இடமும் நகர்கிறது. 'கதம்' பல அச்சுகளைக் கொண்டது; ஆகவே அதுவும் அப்படியே நகர்கிறது. பாதம் தரையில் ஊன்றும்போது சட்டென்று மடங்கி விழத் தள்ளாது. காலை வீசும்போது விரல் தரையில் தட்டாது. 160 பாகை வரை மடங்கும். 30 இலட்சம் முறை சுமையேற்றிச் சோதித்திருக்கிறார்கள். அதிலும் மோட்டார் கிடையாது. மோட்டார் முழங்கால்களின் விலையோ பல இலட்சம் ரூபாய். நாள்தோறும் மின்னேற்றவும் வேண்டும். மிகுதியான பேருக்கு எது கைக்கெட்டுமோ அதை முதலில் செய்வோம் என்று முடிவெடுப்பதும் ஒரு பொறியாளரின் அறிவுதான் என்று சிஸ்டர் விளக்கினார்.

எல்லாவற்றையும் படித்து முடித்த அன்று எங்களுக்கு மகிழ்ச்சியும் அழுகையும் சேர்ந்தே வந்தன. உலகில் மிதிக்கத் தெரிந்த கால் இருக்கிறது. ஆனால் அது எங்கள் குழிக்குள் வர இன்னும் எத்தனை ஆண்டோ! அப்போது எங்களில் இளையவள்தான் ஒரு கேள்வி கேட்டாள். "கால மாத்த முடியலன்னா, மிதிய மாத்துனா என்ன?"

சிறுபிள்ளைக் கேள்விதான். ஆனால் படித்தவற்றை எண்ணிப் பார்த்தால் அவர்கள் எல்லோருமே இதைத்தான் செய்திருக்கிறார்கள். ஜெய்ப்பூரில் தரையைப் பார்த்துப் பாதத்தைச் செய்தார்கள். பாஸ்டனில் நடனத்தைப் பார்த்துக் கணுக்காலைச் செய்தார்கள். கால் என்பது உடம்புக்குப் பொருந்தினால் மட்டும் போதாது. அந்த உடம்பு உழைக்கும் இடத்துக்கும் பொருந்த வேண்டும்.

அப்பாவிடம் சொன்னோம். அவர் சிரித்துவிடுவார் என்று நினைத்தோம். அவரோ நெடுநேரம் குழியையே பார்த்துக் கொண்டிருந்தார். மறுநாள் பக்கத்துத் தெரு ஆசாரி வந்தார். இருவரும் குழியருகே அமர்ந்து மூன்று நாள் பேசினார்கள். இரண்டு மிதிகளையும் இடப்பக்கமாகத் தள்ளி, அருகருகே நெருக்கி வைத்தார் ஆசாரி. மிதிக்கட்டைகளை நீளமாக்கினார். நெம்புகோலின் கை நீண்டால் குறைந்த விசை போதும் என்று நாங்கள் ஏட்டில் படித்ததை அவர் கைப்பழக்கத்திலேயே அறிந்திருந்தார். நீளம் கூடியதால் மிதி வெகுதூரம் இறங்க வேண்டியதாயிற்று. குழியைச் சிறிது ஆழப்படுத்தினோம். மண் வாரிக் கொட்டியவர்கள் நாங்கள் இருவரும். வலக்காலைச் சாய்வாக ஊன்றிக் கொள்ள ஒரு கட்டை. மிதிப்பதெல்லாம் இடக்கால்.

முதல் வாரம் இடக்கால் பிசகிக் கொண்டே இருந்தது. பிரித்து நெய்தார், மறுபடியும் பிரித்தார். வைகாசியில் வரதராசப் பெருமாள் கோயில் கருட சேவை. ஊரே வீதிக்குப் போயிருந்த அந்த விடியற்காலையில், நாங்கள் பாயில் படுத்திருந்தபோது கேட்டது: 'சடக்'. சற்றே இடைவெளி. பிறகு மீண்டும் 'சடக்'. முன்பு போல விரைவு இல்லை. பதினைந்து நாளில் முடிந்த சேலைக்கு இப்போது இருபத்தைந்து நாள் ஆகிறது. வருமானம் குறைவுதான், கடனும் இருக்கிறது. ஆனால் ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது எங்களில் மூத்தவள் பத்தாம் வகுப்பில் வந்து அமர்ந்தாள். கொண்டுவந்து விட்டவர் அம்மா.

பத்து முடித்ததும் கணிதமும் அறிவியலும் எடுத்துப் படித்து, இயந்திரவியலில் சேர வேண்டும் என்பது எங்கள் ஆசை. அப்பாவிடம் சொன்னபோது நாடாவை நிறுத்தாமலே சொன்னார்: "செய்யு கண்ணு. ஆனா கால் செய்யறதுக்கு முன்னாடி, போட்டுக்கப் போறவன் பக்கத்துல வந்து ஒரு நாள் முழுக்க உட்காரு." எங்களுக்குக் கிடைத்த முதல் பொறியியல் பாடம் இதுவே.

அன்புத் தோழியரே! மோட்டார்க் கால் செய்வதற்கு நமக்கு இன்னும் பல ஆண்டுகள் ஆகலாம். ஆனால் ஒரு காலைக் காப்பாற்ற இன்று மாலையே முடியும். உங்கள் வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் இருந்தால், இரவு படுக்கும் முன் அவர்களுடைய உள்ளங்கால்களையும் விரலிடுக்குகளையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். சிறு கீறல் இருந்தாலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நாங்கள் இப்போது ஒவ்வொரு நாளும் அப்பாவின் இடக்காலைப் பார்க்கிறோம். கூச்சத்தால் அவர் காலை இழுத்துக் கொள்வார், நாங்கள் விடுவதில்லை.

— பத்தாம் வகுப்பு மாணவி, தங்கையுடன்